மேலுக்குப் பாதி, கீழுக்குப் பாதி

"ஒன்பதையும் எட்டையும் வச்சுக்கிட்டு நான் மடக்க மாட்டேன்னா அது என் இஷ்டம் மைனி, என் சோழி, என் கை, என் நாற்காலி, நீங்க எதுக்கு என் தோளுக்கு மேல எட்டிப் பாக்கிய, உங்க கையை நீங்க பாருங்க!" என்று என் நாத்தனார் எமரென்சியா என்னைப் பார்த்துக் கத்தினாள். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை, அப்படியே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பிற்பாடு எங்கள் காலனியில் ஆளாளுக்கு அந்த நேரத்தைப் பற்றிக் கதை கட்டினார்கள், அவள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள் என்றார்கள், கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்றார்கள், முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது என்றுகூடச் சொன்னார்கள். ஒரு வெளிச்சமும் இல்லை. மத்தியானம் மூன்று மணி, கரண்ட் போயிருந்தது, அவள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், சண்டைக்கு நடுவே உட்கார்ந்த வாக்கிலேயே நாற்காலியை விட்டு இரண்டு விரற்கடை மேலே போயிருந்தாள்.

முதலில் பார்த்தது சீட்டு மேஜையில் எதிரே இருந்த சலேத். அவளுக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது.

"எக்கா, எமரிக்கா நாற்காலியில இல்ல."

"பின்ன எங்க இருக்கா?"

"நாற்காலிக்கு மேல இருக்கா."

கிளாடிஸ் டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார், முப்பத்தோரு வருடம் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர், எதற்கும் அசரமாட்டார், "சரி, இருக்கட்டும், சீட்டைப் போடுங்க, நாலு மணிக்குத் தண்ணி வந்திரும்" என்றார். எமரென்சியா குனிந்து பார்த்து, தனக்கும் பிரம்பு நாற்காலிக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவி, "எனக்கு ஒண்ணுமே தெரியலியே மைனி" என்றாள். அதுதான் விசேஷம். அன்றும் சரி, அதற்குப் பிறகு வந்த எல்லா நாளும் சரி, மேலே போவது அவளுக்குத் தெரியாது, குனிந்து தன் காலைப் பார்த்தாலோ எங்கள் முகத்தைப் பார்த்தாலோதான் தெரியும். கையில் இருந்த நாலு சீட்டையும் மேஜையில் கவிழ்த்தாள், கவிழ்த்ததும் உலர்ந்த துணி மடியில் விழுகிற மாதிரி நாற்காலிக்கு வந்துவிட்டாள். ஒன்பது, எட்டு, ஏழு, ஒரு ஜாக்கி. நாலும் நாலு ஜாதி. அந்தக் கையை வைத்துக்கொண்டு ஆட்டத்தில் இருக்கிறவளை வானம் தூக்கிக்கொண்டு போனால் நான் வானத்தைக் குற்றம் சொல்லமாட்டேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு காலத்தில் சங்குக் கிடங்கு இருந்த இடத்தில், பதினாறு வீடுகள் உள்ள காலனி எங்களுடையது. நானும் எமரியும் எதிரெதிர் வீடு, என் வீட்டுக்காரருக்கு அவள் தங்கச்சி, ஆகவே நான் மைனி. அவள் புருஷன் லியாந்தர் அண்ணன் சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரர், வருடத்தில் ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான், கப்பலில் கூட இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரன் சொல்லிக்கொடுத்தது. கையில் நாலு சீட்டு, மேஜையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கையிலிருந்து இரண்டும் மேஜையிலிருந்து மூன்றும் எடுத்து ஐந்தாக்க வேண்டும், பந்தயத்துக்குப் போட்டு நடுவில் குவிகிற சோழியில் பாதி எல்லாரிலும் உயர்ந்த ஐந்துக்கு, மறுபாதி எல்லாரிலும் தாழ்ந்த ஐந்துக்கு, ஆஸ் மேலுக்கும் ஆகும் கீழுக்கும் ஆகும், இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் பிடித்துவிட்டால் முழுக் குவியலும் அவளுக்கு, அதற்கு நாங்கள் வைத்த பெயர் அள்ளு. வாரக் கடைசியில் சோழி குறைந்தவள் அடுத்த வாரம் பூராவும் டீ போட வேண்டும். அவ்வளவுதான் பந்தயம், ஆனால் ஆறு வருடமாக டீ போட்டது எமரென்சியா மட்டுமே.

ஏனென்றால் இந்த ஆட்டம் ஆடுகிற ஆட்டமே அல்ல, ஆடாமல் இருக்கிற ஆட்டம். அதைக் கண்டுபிடித்து ஒரு அரைத்தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியவள் நான். ஆஸும் இரண்டும் சேர்ந்து வந்தால் இரு. கூட ஒரு மூன்றும் இருந்தால் சந்தோஷமாக இரு. இரண்டு ராஜா வந்தால், மற்ற இரண்டு சீட்டின் முகத்தைப் பார்த்து முடிவு செய். நாலு சீட்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருக்க வேண்டும், மூன்று ஒரு பக்கமும் ஒன்று தெருவிலும் நிற்கக் கூடாது. ஏழு, எட்டு, ஒன்பது மேலுக்கும் உதவாது, கீழுக்கும் உதவாது, அதைப் பார்த்த உடனே மடக்கு, கையைக் கவிழ்த்துவிட்டு விலகு. எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு மையில்: பாதிக்காக உள்ளே போகாதே, முழுதும் அள்ள வழி இருந்தால் மட்டும் போ. கான்வென்டில் எங்களுக்கு மார்கரெட் சிஸ்டர் என்று ஒருவர் இருந்தார், பதில் தெரிந்தால் கையைத் தூக்கு, தெரியாவிட்டால் வாயை மூடு, நடுவில் நெளியாதே என்பார். எமரியும் அதே பள்ளிக்கூடம்தான், ஆனால் அவள் நெளிகிறவளாகவே வளர்ந்தாள். நாலு சீட்டு கைக்கு வந்துவிட்டால், பாவம், நம்மை நம்பி வந்துவிட்டதே என்று வைத்துக்கொள்வாள். "எப்படி மைனி மூஞ்சியைப் பாத்த உடனே போன்னு சொல்றது?" என்பாள்.

மேலே போக ஆரம்பித்த பிறகு அவள் ஜெயித்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. மோசமான கை வந்தால் எல்லாரும் பார்க்க மேலே போனாள், நல்ல கை வந்தால் எல்லாரும் பார்க்கக் கீழே இருந்தாள், கீழே இருந்தால் நாங்கள் மூன்று பேரும் அந்த நிமிடமே மடக்கிவிடுவோம், அவளுக்குக் கிடைப்பது அவள் போட்ட சோழியும் எங்கள் மூன்று சோழியும். சலேத் மட்டும் ஒருநாள், "இது கள்ள ஆட்டம்க்கா, அவ கையை அவளே சொல்லிக் குடுக்கா" என்று சத்தம் போட, யாருக்கு நஷ்டமாகும் கள்ளத்தனம் என்று கிளாடிஸ் டீச்சர் கேட்க, சலேத் வடையைப் பிய்த்தாள். போர்வையை இடுப்பைச் சுற்றிக் கட்டி நாற்காலியோடு இறுக்கிப் பார்த்தோம், போர்வை கிழிந்தது. வீட்டுக்கு ஒரு போர்வை கிழிந்து முடிந்தபின் விட்டுவிட்டோம்.

அந்தக் கோடையில்தான் சலேத்தின் மச்சான் புதியம்புத்தூர்ப் பக்கம் ஒரு மனை வாங்கப் போனான். ஒப்பந்தப் பத்திரத்தை எங்களிடம் காட்டக் கொண்டுவந்த சலேத், "எமரிக்கா, இதைச் சும்மா பிடிங்க, நான் கை கழுவிட்டு வாரேன்" என்று கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள், திரும்பி வந்து பார்த்தால் எமரி கால் சுவிட்ச் போர்டு உயரத்துக்குப் போய் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தாள், பத்திரத்தை வாசித்தபடி, ஒன்றும் தெரியாமல். அந்த மனையை அதே ஆள் ஏற்கெனவே மூன்று பேருக்கு எழுதிக்கொடுத்திருந்தான் என்பது பத்து நாள் கழித்துத் தெரியவந்தது. அவ்வளவுதான், கையில் பிடித்தது மோசமென்றால் எமரி மேலே போவாள் என்று பதினாறு வீட்டுக்கும் வாசல் திறந்த மாதிரி ஆகிவிட்டது.

மாப்பிள்ளை விவரம் எழுதின தாள் வந்தது, பெண் பார்த்த போட்டோ வந்தது, ஒரு வருட உத்தரவாதத்தோடு பழைய மிக்ஸியே வந்தது, நர்சிங் காலேஜ் விண்ணப்பம் வந்தது, ஆபரேஷனுக்குத் தேதி குறித்த சீட்டு வந்தது, காலனி வாசலில் மீன்காரி கூடையை இறக்கியதும் ஒருத்தி சீலா மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேரே எமரி வீட்டுக்குப் போக, எமரி ஒரு சாண் உயர, பின்னாலேயே வந்த மீன்காரி, "விடியக் காலையில கரையில எறங்குன மீனு, கண்ணைப் பாரு, செவுளைப் பாரு, அதை விட்டுட்டு இந்தம்மா காலைப் பாக்கியளே, நீங்கல்லாம் வெளங்குவியளா!" என்று தெரு முழுக்க ஏசிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து அவளே மீனை முதலில் எமரியிடம் கொடுத்து, எமரி கீழே நின்றால் அதைச் சொல்லி விலையைக் கூட்டினாள்.

அறிவிப்பு இல்லாமல் இப்படி ஆள் ஆளாக வருவது சரியில்லை என்று காலனிச் சங்கம் கூடிப் பேசியது, குறிப்பு எழுதியவள் நான். முன்னறையில் மின்விசிறியைக் கழற்றிவிடுவது, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் பார்ப்பது, மீன் என்றால் எட்டு மணிக்கு முன்னால், ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு தாள், வெளியாட்கள் காலனிக்காரர் ஒருவரோடு வர வேண்டும். அவள் கால் எதுவரை போகிறது என்று பார்க்கக் கதவு நிலையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டோம்: ஒரு விரற்கடை என்றால் யோசி, சுவிட்ச் போர்டு என்றால் வேண்டாம், பரண் என்றால் ஓடு. பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் திருச்சபைக்கு இது பற்றிக் கருத்து எதுவும் கிடையாது என்று சொன்னார், வியாழக்கிழமை கோயிலுக்கு ஒலிபெருக்கி மாட்டுகிறவன் கொடுத்த விலைத்தாளோடு வந்து உட்கார்ந்தார், எமரி சுவிட்ச் போர்டுக்கும் பரணுக்கும் நடுவில் நின்றாள், சாமியார் நிமிர்ந்து பார்த்து, "இயேசுவே" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். சிலிண்டர் போடுகிறவன் முதல் நாள் மட்டும் கொஞ்சம் பயந்தான், இரண்டாம் மாதம் புத்தகத்தை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி உயர்த்திப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். எந்தச் சங்கக் கூட்டத்திலும் யாரும், இது ஏன் நடக்கிறது என்று கேட்கவில்லை, எமரியிடம், உனக்குச் சரியா என்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்குக் குறிப்பு எழுதுகிற வேலை இருந்தது.

ஐப்பசியில் லியாந்தர் அண்ணன் வந்து இறங்கினார். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பெண்டாட்டி யாரோ ஒருவரின் கல்யாண மண்டப ரசீதைப் பிடித்துக்கொண்டு நிலைக்கதவின் மேல்கட்டை உயரத்தில் அந்தரத்தில் நின்றாள். ஒரு நிமிடம் பார்த்தார். "கப்பல்ல பறக்கற மீனு தெனம் பாக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கைலி மாற்றப் போனார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்பிட்டு, கணவாய் வறுத்து, எல்லாருக்கும் பரிமாறி முடித்து, சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அடுத்த ஒப்பந்தத்தில் சேரப்போவதில்லை, இனிக் கரைதான் என்று கம்பெனிக்கு எழுதின கடிதம். கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி, அனுப்பிவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள், திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

"அம்பத்திரண்டு ஆச்சு பெர்னி," என்றார் என்னிடம். முறைக்கு நான் தங்கச்சி. "இருபத்திரண்டு வருசம் இவளை வருசத்துக்கு மூணு மாசம் இரவல் வாங்கின மாதிரி வச்சிருந்தேன். இனி பன்னிரண்டு மாசமும் வீட்ல இருக்கப் போறேன்."

எல்லாரும் எமரியைப் பார்த்தோம். அவள் கணவாய்த் தட்டைப் பார்த்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு முன்னால் என் அடுப்படிக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன்.

"என்னட்டி யோசனை? இருபத்திரண்டு வருசம் பாதிக்கு ஆடினே, இப்ப முழுசும் உன் பக்கம் வருது, அள்ளு, முடிஞ்சது" என்றேன்.

"முழுசும் வந்தா எங்க மைனி வைக்க?" என்றாள்.

கேட்டதும் எரிச்சல் வந்தது. ஆனால் அவள் சொல்வது எனக்குத் தெரியாததல்ல. அந்த ஒன்பது மாதம் அவள் ஆறு மணிக்கு ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுவிட்டுப் படுப்பாள், கட்டிலில் குறுக்காகப் படுப்பாள், ஸ்கூட்டரில் திருச்செந்தூர் ரோடு வரை காரணமில்லாமல் போய்வருவாள், கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் அவளுடையது. அந்த மூன்று மாதம் வேளைக்குச் சுடுசோறு, அண்ணன் அடுப்படியைக் கப்பல் அடுப்படி மாதிரி மாற்றிவிடுவார், டப்பா எல்லாம் உயரவாரியாக நிற்கும், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு, பெயர்ச்சீட்டு முன்பக்கம் பார்க்க வேண்டும், இவள் உப்பு எடுத்தால் பின்னாலேயே வந்து டப்பாவைத் திருப்பி வைப்பார். ஆனால் இதுவும் தெரியும்: அவர் போன மறுநாள் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் கழுவுவாள், சட்டையில் வாசனை போகும் வரை துவைக்கமாட்டாள், காலண்டரில் தேதியைக் கிழிக்காமல் ஓரத்தை மட்டும் மடித்துவைப்பாள், நெத்திலிக் கருவாட்டில் அவருக்குப் பிடித்த சின்னதாகப் பொறுக்கி ஒன்பது மாதமும் ஒரு பாட்டிலில் சேர்ப்பாள்.

"உனக்கு அவர் வேணுமா வேண்டாமா?"

"வேணும்."

"பிறகு?"

"போகவும் வேணும் மைனி."

"கடிதத்தைக் கையில பிடிச்சுப் பாத்தியா?"

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், நான் அதை அப்போதே கொடுத்துவிடுவேன் என்கிற மாதிரி. "தொடல. தொட மாட்டேன்."

பதினாறு வீட்டுக்கும் அவள் கை உண்டு, தன் புருஷன் தாளுக்கு மட்டும் இல்லை என்பதை லியாந்தர் அண்ணன் கவனிக்காமல் இருப்பாரா? நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் காலனிக் கேட் ஓரத்தில் எங்கள் வீட்டுக்காரரோடு நின்றுகொண்டு, "ஊருக்கெல்லாம் பிடிச்சுக் குடுக்கா, என் கடுதாசியை மட்டும் மேசையில இருந்து துடைப்பத்தால தள்ளுதா, எனக்கு வெளங்காதா?" என்றாராம். பிறகு காலனிக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: சனிக்கிழமை மத்தியானம் சீட்டு மேஜையில், எல்லார் முன்னாலும், எமரி அந்தக் கடிதத்தைப் பிடிக்கட்டும். கீழே நின்றால் அப்போதே கையெழுத்துப் போட்டு ஐந்து மணிக்குள் கூரியரில் சேர்த்துவிடுவேன். மேலே போனால் பெட்டியைக் கட்டுவேன், இனி அந்த மூன்று மாதத்துக்கும் வீட்டுக்கு வரமாட்டேன். சங்கம் இதற்குத் தனியாக ஒரு தீர்மானம் போட்டது, வீட்டுக்கு ஒரு தாள் என்கிற கணக்கில் இது சேராது என்று.

வெள்ளிக்கிழமை காலையில் எமரி ஒரு துணிப்பையோடு வந்தாள். மேஜைமேல் வைத்தபோது மரம் அதிர்ந்தது. உள்ளே வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு, அறுபது இருக்கும், அவள் தம்பி முறையுள்ள ஒருத்தரின் படகிலிருந்து வாங்கி வந்தது.

"உள்பாவாடைக் கரையைப் பிரிச்சு உள்ள வச்சுத் தைங்க மைனி. எனக்கு நேராத் தைக்க வராது."

"உனக்குப் பைத்தியமா? ஊரை ஏமாத்தப் போறியா?"

"ஊருக்கு இல்ல. மேல போயிட்டேன்னா, அத்தனை பேருக்கு முன்னால அந்த மனுசன் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைப்பாரு? அதை என்னால பாக்க முடியாது. கீழ நின்னுட்டா ஒரு கேள்வியும் இல்ல. வீட்டுக்குள்ள நடக்கிறதை நாங்க பாத்துக்கிடுவோம்."

"கீழ நிக்க வைக்கிறது ஈயம்னா, நீ நெசமாவே கீழ நின்னியான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கரையைப் பிரிக்க ஆரம்பித்திருந்தாள், பல்லில் நூல் இருந்தது. "தெரிய வேண்டாம்" என்றாள்.

நான் இரட்டை நூல் கோத்து, குண்டுக்கு இரண்டு முடிச்சாக அறுபதையும் தைத்தேன், எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. தைத்து முடித்து, போட்டுக்கொண்டு நட என்றேன், நடந்தாள், தண்ணீருக்குள் நடக்கிறவள் மாதிரி இருந்தது. ஒரு தரம் சோதித்துவிடலாம், அந்தப் பழைய மிக்ஸியின் உத்தரவாதத் தாளைப் பிடி, இந்த ஈயம் தாங்குமா என்று பார்ப்போம் என்றேன். "எதையும் கையில குடுத்துராதிய மைனி" என்று ஒதுங்கிவிட்டாள். சேலைக் கொசுவத்தைத் தரை கூட்டுகிற அளவுக்கு இறக்கிக் கட்டச் சொன்னது நான்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு என் முன்னறையிலும் வராந்தாவிலும் ஜன்னல் வெளியிலும் ஆள். சாமியார் வரவில்லை, கோயிலில் தனக்கு உதவிக்கு இருக்கிற கோயில்பிள்ளையை அனுப்பியிருந்தார். கிளாடிஸ் டீச்சர், கூட்டம் எதுவானாலும் ஒரு ஆட்டமாவது போட்டுவிட வேண்டும் என்று ஏற்கெனவே சீட்டைப் பிரித்துப் போட்டிருந்தார், எங்கள் நாலு பேர் முன்னாலும் நாலு நாலு சீட்டுக் கவிழ்ந்து கிடந்தது, யாரும் தொடவில்லை. லியாந்தர் அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறவர் மாதிரி வந்தார். "எந்திரிச்சு நில்லு எமரி, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். அவள் எழுந்து மேஜை விளிம்பை இடது கையால் பிடித்தாள். அவர் கடிதத்தை நீட்டினார். அவள் வாங்கினாள்.

அறுபது பேர் ஒரு சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கரை தரையில் கிடந்தது. அரை நிமிடம், ஒரு நிமிடம். அப்போது எமரியின் முழங்கை பட்டு அவள் முன்னால் இருந்த சீட்டில் ஒன்று மேஜைக்கு அடியில் விழுந்தது, அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் நான், அதனால் குனிந்தேன். மேஜைக்குக் கீழே அவள் பக்கம் சேலை சற்றே விலகியிருந்தது. பாவாடைக் கரை ஈயத்தின் பாரத்தில் விறைத்து நேராகத் தொங்கியது, தரையில் படியவில்லை. அவள் குதிகால் இரண்டும் தரையை விட்டிருந்தன, இரண்டு விரல் நுழையும். கால்பெருவிரல்கள் தரையில் இருந்தன, ஊன்றித்தான் இருந்தன, நகம் வெளுக்க ஊன்றியிருந்தன. தூக்குகிறதை அவள் கால்விரல் பிடித்துவைத்திருந்ததா, கடிதத்தை நெருங்கிப் பார்க்க அவளாக எக்கி நின்றாளா, ஈயம் இல்லாவிட்டால் ஒரு விரற்கடையா பரணா, எனக்குத் தெரியாது. இரட்டை நூல் போட்டு அதைத் தெரியாதபடி செய்தவள் நானே. விழுந்த சீட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"நிக்கா! தரையிலதான் நிக்கா!" என்று சலேத் கையைத் தட்டினாள், ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்களும் தட்டினார்கள், கோயில்பிள்ளை சாமியாரிடம் சொல்ல ஓடினார். லியாந்தர் அண்ணன் அவள் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, மேஜையிலேயே வைத்து, சோழியை ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார், எழுத்து கோணியது, சிரித்தார், "கண்ணு தெரியலப்பா" என்றார், கண்ணில் தண்ணீர் நின்றது. உறையில் போட்டு நாக்கால் ஒட்டி, சட்டைப்பையில் வைத்து, பையை இரண்டு தரம் தட்டிப் பார்த்து, எமரியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, ஐந்து மணிக்குக் கூரியர்க்காரன் கடையை மூடிவிடுவான் என்று வெளியே போனார். ஆட்களும் அவர் பின்னால் வாசலுக்குப் போனார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு, ஒருவர் மீன் ஹோட்டல் வைக்கச் சொன்னார், ஒருவர் கல்யாணச் சமையல் எடுக்கச் சொன்னார்.

அறையில் நாங்கள் நாலு பேர்தான். எமரி உட்கார்ந்தாள், உட்கார்ந்தபோது ஈயம் தரையில் கலகலவென்று பட்ட சத்தத்தைக் கிளாடிஸ் டீச்சர் கேட்டார், அவர் முகத்தைப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிட்டது தெரிந்தது, மேஜையில் இருந்த சீட்டை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் குலுக்க ஆரம்பித்தார்.

"மைனி," என்றாள் எமரி. "நீங்க குனிஞ்சிய."

நான் சோழியை என் பக்கம் இழுத்து வைத்தேன்.

"தெரிய வேண்டாம்னு சொன்னேன், சொன்னேன்தான். அப்ப தெரிய வேண்டாம். இப்ப அவரு கன்னத்தைத் தொட்டுட்டுப் போறாரு, எனக்கு ஒண்ணுமே தெரியல மைனி, தூக்குச்சா இல்லையான்னு எனக்குள்ள ஒண்ணுமே தெரியல." அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "என் காலு தரையில இருந்துச்சா?"

வாசலில் ஸ்கூட்டர் ஒரு உதையில் கிளம்பவில்லை, இரண்டாவது உதையும் உதைத்தார். சலேத் என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், டீச்சர் சீட்டைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். எந்தக் கையானாலும் பார்த்த உடனே இரு, போ என்று சொல்லுகிறவள் நான், மறுகையால் சோழியை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது, யாரோ கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

"அவரு கேட்டைத் தாண்டறதுக்குள்ள சொல்லிருங்க மைனி."